பள்ளிக்குப் பின்னால் சோலை இருந்தால், அதை திறந்தவெளிப் பாடமாக்கும் முறை

மலைப் பள்ளங்களில் வளரும் பசுமைமாறாக் காடுதான் சோலை. நீலகிரியில் கோத்தகிரியின் லாங்வுட் சோலை ஏறத்தாழ 116 ஹெக்டேர்தான். சுற்றுப்புற ஊர்களுக்குத் தண்ணீர் தரும் அந்தக் காடு 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உங்கள் பள்ளிக்குப் பின்னால் இருப்பது கால் ஏக்கர் துண்டாக இருக்கலாம். பாடம் நடத்த அது தாராளமாகப் போதும்.

காப்புக்காடு என்றால் வனச்சரக அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, ஒப்புதல் கைக்கு வந்தபிறகே பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர். காட்டுமாடு நிற்கிறதா என்று ஒருவர் முன்னே போய்ப் பார்த்து வரட்டும். நின்றால் அன்று போகவே வேண்டாம். அட்டை கடித்தால் நகத்தால் தள்ளிவிடலாம். உப்பைத் தரையில் கொட்டாதீர்கள், தவளைக்கு ஆகாது.

ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, சணல் கயிற்றால் 10க்கு 10 மீட்டர் சதுரம் கட்டுங்கள். மூலைவிட்டம் இரண்டும் 14.14 மீட்டர் வந்தால்தான் சதுரம் சரி. ஒன்பதாம் வகுப்புக்கு இதுவே ஒரு கணக்கு. சரிவில் டேப்பைத் தரையோடு படுக்கவைத்தால் அளவு தவறும், மட்டமாகப் பிடிக்கவேண்டும். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுங்கள். தண்டில் பாசி தடித்திருந்தால் அதைச் சுரண்டாமல், "பாசியோடு" என்று குறித்துக்கொண்டால் போதும். ஆணி அடிக்கவே கூடாது. வேலை முடிந்ததும் மூலைகளில் கல் நட்டு, கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மாட்டின் காலில் சிக்கும்.

பிள்ளைகள் மறக்காத பாடம் தண்ணீர்தான். 15 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. நீளமும் உள்ள பிவிசி குழாய்த் துண்டை, மேலே பலகை வைத்துத் தட்டி 5 செ.மீ. மண்ணில் இறக்குங்கள். உள்ளே ஒரு இலையைப் போட்டு, அதன்மேல் 1 லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றி, முழுதும் இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். நேரே ஊற்றினால் மண் கலங்கித் துளைகள் அடைபடும். முதல் லிட்டரைக் காய்ந்த மண் குடித்துவிடும் என்பதால் இரண்டாவது, மூன்றாவது லிட்டரின் நேரத்தையே ஒப்பிடவேண்டும். இதையே விளையாட்டு மைதானத்திலும் செய்யுங்கள். அங்கே கால்பட்டு இறுகிய மண்ணில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்க்கும்போது, சோலையிலிருந்து வரும் ஓடை கோடையிலும் ஏன் ஓடுகிறது என்று அவர்களே சொல்வார்கள். குழாய் வேரில் இடித்துச் சாய்ந்தால் பக்கவாட்டில் கசியும், இடம் மாற்றுங்கள். மழைக்கு மறுநாள் அளந்த கணக்கு உதவாது.

சோலையைக் கெடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணம்தான். சருகைக் கூட்டி அள்ளினால் மண் வெறுமையாகிக் காயும். ஓரத்துப் புதர்களை வெட்டி "சுத்தம்" செய்தால் வெயிலும் காற்றும் உள்ளே புகும், பின்னாலேயே உண்ணிச்செடி (லாண்டானா) என்னும் களை வரும். சின்ன உண்ணிச்செடிகளை மழைக்குப்பின் வேரோடு பிடுங்கலாம். வாட்டில் எனப்படும் அயல்நாட்டுச் சீகை மரத்தை மட்டும் ஒரேயடியாக வெட்டச் சொல்லாதீர்கள். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும்; திடீரென்று வெளிச்சம் பட்டால் கூட்டமாக முளைக்கும். பழனி மலையில் வயதான சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் எழுவதைப் பார்க்கலாம். உங்கள் சதுரத்தில் உள்ள சோலைக் கன்றுகளை எண்ணி, மாதம் ஒருமுறை அதே சதுரத்தில் உயரம் அளந்து எழுதுங்கள். நோட்டுப் புத்தகம் அடுத்த ஆண்டு வகுப்பின் கைக்குப் போகட்டும்.