இணையத் துன்புறுத்தல் புகார் வந்தால் பள்ளியில் செய்யக் கூடாதவை

போலிக் கணக்கு, கேலி மீம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வசை என்று புகார் வரும்போது, மூத்த ஆசிரியர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட தவறுகளையே புதிய வகுப்பாசிரியர்கள் திரும்பவும் செய்கிறார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையைத் திட்டக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த விஷயம், அதை விட்டுவிடுகிறேன்.

"என் கண் முன்னாலேயே டெலீட் பண்ணு"

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் ஆலோசகராக இருந்த ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவியின் முகத்தை வேறொரு படத்தில் ஒட்டி, இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கியிருந்தான் கூடப் படிக்கும் பையன். ஆசிரியர் அவனைக் கூப்பிட்டுக் கணக்கை அழிக்க வைத்தார், மன்னிப்புக் கடிதம் வாங்கினார், விஷயம் முடிந்தது என்றார். கொஞ்ச நாளில் அதே படம் வேறொரு பெயரில் வந்தது. பெற்றோர் சைபர் கிரைம் போலீஸுக்குப் போனார்கள். பழைய கணக்கின் பெயர் என்ன, லிங்க் எங்கே, எந்தத் தேதி என்று கேட்டார்கள். யாரிடமும் இல்லை. பையனோ மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டான். அந்தப் பெண் அரையாண்டுத் தேர்வு எழுத வரவில்லை.

பையனின் எதிர்காலம் கெட்டுவிடக் கூடாதே என்ற இரக்கத்தில்தான் பலர் அழிக்கச் சொல்கிறார்கள். ஆனால் 18 வயதுக்குட்பட்டவர்களின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அவர்களைத் திருத்துவதையே நோக்கமாக வைத்திருக்கிறது. அழிப்பதால் பாதிக்கப்பட்டவளின் கையில் இருந்த ஒரே பிடியும் போகிறது. வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அழித்தாலும், ஏற்கெனவே சேமித்தவர்களின் போனில் படம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் பயனர் பெயர், லிங்க், தேதி, நேரம், குழுவில் இருந்தவர்கள் யார் என்று எழுதி வையுங்கள். வசை என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம்தான் நீக்கும் வேலை.

ஆதாரம் என்று படத்தையே அனுப்புவது

ஆபாசப் படம் என்றால் ஸ்கிரீன்ஷாட்டும் கூடாது. ஆசிரியர் குழுவில் 'தகவலுக்காக' என்று போடுவதும் பரப்புவதுதான். குழந்தைகளின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதே, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்படி குற்றமாகலாம். இதில் சென்னை உயர் நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லியிருந்ததை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விவரங்களை மட்டும் குறித்துக்கொண்டு போலீஸிடம் சொல்லுங்கள். போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை உண்டு.

படத்தை நீக்க 'டேக் இட் டவுன்' (Take It Down) என்ற இணையச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் அடையாளம் மட்டும்தான் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் தேடித் தடுக்கின்றன.

இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைப்பது

வேண்டாம். பாதிக்கப்பட்டவள் பயத்தில்தான் தலையாட்டுவாள்.

பாதிக்கப்பட்டவளின் போனைப் பிடுங்கச் சொல்வது

அடுத்த முறை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

"பள்ளிக்கு வெளியே நடந்தது"

ராத்திரி பத்து மணிக்கு நடந்தாலும் காலையில் இருவரும் ஒரே வகுப்பில்தான் உட்காருகிறார்கள். படத்துக்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். பள்ளியில் யாரும் கேட்கவில்லை என்றால், குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்.