பழைய கடை விலை குறைவா? புதிதாகச் செக்கு போட்டவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

மரச்செக்கு போட்டு எண்ணெய்க் கடை திறந்தவர்களிடம் முதல் மாதத்திலேயே வந்து நிற்கும் கேள்வி இது: "பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய செக்குக் கடையில லிட்டருக்கு முப்பது, நாப்பது கம்மியாச்சே, இங்க மட்டும் ஏன் இவ்வளவு?" கேட்டுவிட்டு அந்த அம்மா பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். அன்று ராத்திரியே விலைப்பலகையை அழித்து எழுதிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, மூடிப்போன செக்குக் கடைகளில் பாதி அந்த ராத்திரியில்தான் சறுக்கத் தொடங்கின.

விலையில் கை வைக்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ கடலைப் பருப்பு வேண்டும். உதாரணத்துக்குப் பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய். மிஞ்சுகிற புண்ணாக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. அதைக் கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 56 ரூபாய் திரும்பி வரும். மிச்சம் 244. பாட்டில், கரண்ட், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 36 ரூபாய் என்றால் அடக்கம் 280. நீங்கள் 320-க்கு விற்றால் லிட்டருக்கு 40 ரூபாய் நிற்கும். மாதம் 300 லிட்டர் போனால் 12,000. கடை வாடகை அதிலிருந்துதான். இப்போது வெறும் 20 ரூபாய் குறைத்தால் என்ன ஆகும்? அதே 12,000 கைக்கு வர 600 லிட்டர் விற்க வேண்டும். விலையில் பதினாறில் ஒரு பங்கைத்தான் குறைத்தீர்கள். வியாபாரமோ இரண்டு மடங்காக வேண்டும். புதுக் கடைக்கு அது நடக்காது.

அடுத்த தவறு, "அவங்க கலப்படம் பண்றாங்க, அதான் கம்மி" என்று வாடிக்கையாளரிடமே சொல்வது. தயவுசெய்து சொல்லாதீர்கள். பழைய கடைக்காரர் நேர்மையாகவே குறைத்து விற்க முடியும். அறுவடை நேரத்தில் திண்டிவனம், சேத்துப்பட்டு மாதிரியான ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மொத்தமாகக் கடலை எடுத்து, உடைத்து, காயவைத்து இருப்பு வைத்திருப்பார். எள்ளுக்கு ஈரோடு பக்கம் சிவகிரி ஏலத்துக்குப் போவார். நீங்கள் வாராவாரம் மண்டியில் ஒரு மூட்டை வாங்குகிறீர்கள். அவருக்குப் பருப்பு கிலோவுக்கு 15 ரூபாய் குறைவாக விழுந்தாலே லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு வித்தியாசம் வந்துவிடுகிறது. போதாததற்குச் சொந்தக் கட்டடம். புண்ணாக்கை வீடு தேடி வந்து வாங்கிப் போகும் மாட்டுக்காரர்கள். நீங்கள் முதலில் பிடிக்க வேண்டியதும் அந்த மாட்டுக்காரர்களைத்தான். புண்ணாக்கை வியாபாரியிடம் மொத்தமாகத் தள்ளிவிடுகிறவர்கள் லாபத்தில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டு, எண்ணெய் விலை கட்டவில்லை என்று வருந்துகிறார்கள்.

நெருக்கடி முற்றும்போது, "கொஞ்சம் பாமாயில் சேர்த்தா யாருக்குத் தெரியும்" என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். இரண்டு எண்ணெய் கலந்து விற்பதென்றால் அதற்குரிய விதிப்படி செய்து, கலந்ததை லேபிளில் சொல்ல வேண்டும். மறைத்து விற்றால் அது குற்றம். நம்மை நம்பிக் குழந்தைக்குச் சமைக்க வாங்கிப் போகிறவர்களுக்குச் செய்யும் துரோகமும்கூட. அதைச் செய்துதான் கடை நடக்கும் என்றால் கடையை மூடிவிடலாம். சர்க்கரை நோய் தீரும், மாரடைப்பு வராது என்று பலகை எழுதுவதும் வேண்டாம்.

உங்களுக்கு உண்மையில் கை கொடுப்பது கூலிக்கு ஆட்டித் தருவது. நிறையப் பேர் இதைச் சில்லறை வேலை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில்தான் ஆதங்கம். காங்கேயம் பக்கம் உறவுக்காரர் வீட்டிலிருந்து வந்த கொப்பரையைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஒருவர் வருகிறார். தன் கொப்பரை உரலில் விழுவதைப் பார்க்கிறார். வாகை உலக்கை சுற்றச் சுற்ற, சற்று நேரத்தில் ஓரத்தில் எண்ணெய் கசிந்து தகரத்தில் இறங்குகிறது. விரலால் தொட்டு முகர்ந்து பார்க்கிறார். கேனும் புண்ணாக்கும் அவர் கையில், கூலி உங்கள் கையில். இங்கே லிட்டர் விலை என்ற பேச்சே எழவில்லை, மூட்டை வாங்க நீங்கள் முதலும் போடவில்லை. அடுத்த முறை கடலெண்ணெய் உங்களிடமே வாங்குவார், கண்ணால் பார்த்தவராயிற்றே. ஒன்று மட்டும் கவனம்: தேங்காய் ஆட்டிய செக்கைச் சுத்தமாகத் துடைக்காமல் எள்ளைப் போட்டால் வாடை ஏறிவிடும், அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

ஓட்டல்காரருக்குப் பதினைந்து நாள் கடன் கொடுத்துப் பெரிய ஆர்டர் பிடிப்பதும் ஆகாது. உங்கள் கையிருப்பு அதற்குத் தாங்காது.

கடைசியாக, அவசரம். இரண்டு மூன்று நாள் தெளியவிடாமல் பாட்டிலில் ஊற்றினால் அடியில் மண்டி தங்கும், சீக்கிரம் காறல் வாடை வரும். அதிகமாக ஆட்டி அடுக்கி வைத்தாலும் அதே கதிதான். விற்கிற அளவுக்கு மட்டும் ஆட்டுங்கள். லேபிளில் ஆட்டிய தேதியைப் பெரிதாகப் போடுங்கள். முழு லிட்டருக்குத் தயங்குகிறவருக்கு நூறு மில்லி பாட்டில் ஒன்று தயாராக இருக்கட்டும். விலை கேட்டுப் பாட்டிலைத் திரும்ப வைத்த அந்த அம்மாவிடம், "முந்தாநாள் ஆட்டினதும்மா, இதைக் கொண்டுபோய் ஒருநாள் தாளிச்சுப் பாருங்க" என்று அதைக் கொடுக்கலாம்.