படத்தைப் பார்த்துப் புடவையும் ரவிக்கையும் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமணம் நிச்சயமான வீடுகளில் இப்போது ஜவுளிக்கடைக்குப் போவதற்கு வெகு முன்பே பின்டரெஸ்டிலும் இன்ஸ்டாகிராமிலும் படங்கள் சேரத் தொடங்கிவிடுகின்றன. முகூர்த்தப் புடவையின் நிறம், வரவேற்புப் புடவையின் கரை, ரவிக்கையின் முதுகுக் கழுத்து, கையில் வரும் ஆரி வேலைப்பாடு (கொக்கி ஊசியால் செய்யும் பூவேலை) என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகுப்புகள் உருவாகின்றன. அழகான ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதில் இருக்கும் மகிழ்ச்சி நியாயமானது. ஊரிலிருக்கும் ஓரிரு கடைகளின் அலமாரிகளுக்குள் அடங்கிக் கிடந்த தேர்வு இன்று எல்லோருக்கும் எட்டும் தொலைவில் வந்திருப்பதும் நல்லதே. ஆனால் துணியின் எடை, நெசவு, வெட்டு, வியர்வையிலும் அசைவிலும் அது உடம்பில் நிற்கும் விதம் ஆகியவற்றில் எதுவும் படத்தில் வருவதில்லை. படத்தை முடிவான வடிவமாகக் கருதி அப்படியே வாங்கவும் தைக்கவும் முற்படுவதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நேர்கின்றன.

முதல் தவறு சேமிக்கும்போதே நிகழ்கிறது. ஒரு படம் பிடித்துப்போனால் அதில் எது பிடித்தது என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. நிறமா, கரையின் அகலமா, கழுத்தின் வடிவமா, அல்லது அணிந்திருப்பவரின் தலையலங்காரமும் பின்னணியில் விழும் மாலை வெளிச்சமுமா என்பது தெரியாமலேயே அது தொகுப்பில் சேர்ந்துவிடுகிறது. ஒன்றைச் சேமித்தவுடன் அதைப் போன்ற இன்னும் பலவற்றைத் தளமே கொண்டுவந்து கொட்டுவதால், சில வாரங்களில் கண் ஒரே வகைக்குப் பழகி, அதுவே தன் விருப்பம் என்ற எண்ணமும் உறுதிப்பட்டுவிடுகிறது. சேமித்த ஒவ்வொரு படத்தின் கீழும் பிடித்த ஓர் அம்சத்தை ஒரே வரியில் எழுதி வைப்பது நல்லது. எழுத எதுவும் தோன்றாத படங்களைத் தயங்காமல் நீக்கிவிடலாம். தையற்காரரின் முன்னால் பத்துப் படங்களை விரித்து எல்லாவற்றையும் கலந்து தைக்கச் சொல்லும் வழக்கம் இதனால் தானாகவே நின்றுவிடும்.

நிறத்தில் நேரும் தவறு இன்னும் ஆழமானது. கேமராவின் வெள்ளைச் சமநிலை, படத்தின் மேல் போடப்படும் ஃபில்டர், பார்ப்பவரின் கைபேசித் திரை ஆகிய மூன்றும் நிறத்தை மாற்றுகின்றன என்பதைப் பலரும் அறிவார்கள். பட்டுப் புடவையில் இவற்றைவிட முக்கியமான ஒரு காரணம் நெசவிலேயே இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு வேறொரு நிறமும் கொடுத்து நெய்யப்படும் இரட்டை வண்ணப் பட்டில், துணி மடியும் கோணத்திற்கேற்ப நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மயில்கழுத்து நிறத்தின் அழகே நீலமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று மின்னி மறைவதில்தான் இருக்கிறது. நிழற்படம் அந்த அசைவின் ஒரு கணத்தை மட்டும் பிடித்து வைப்பதால், நீலம் என்று நினைத்து வாங்கிய புடவை மண்டபத்து விளக்கில் பச்சையாகத் தெரிவதற்கு வாய்ப்புண்டு. ஆகவே விற்பவரிடம், ஃபிளாஷ் இல்லாமல் பகல் வெளிச்சத்தில், துணியை மெதுவாகத் திருப்பிக் காட்டும் காணொளியைக் கேட்டுப் பெறுவது அவசியம். பாவு என்ன நிறம், ஊடை என்ன நிறம் என்று நேரடியாகவே கேட்கலாம். துணியை அறிந்து விற்பவர் உடனே சொல்லிவிடுவார்.

ரவிக்கைக்குத் தனியாகத் துணி எடுப்பவர்கள் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு நிறம் பொருத்திப் பார்ப்பதும் இதே தவறுதான். கடைக்குப் புடவையையே எடுத்துச் செல்ல வேண்டும். கடைக்குள் எரியும் விளக்கின் கீழ் பொருந்திய இரு நிறங்கள் வெயிலில் பொருந்தாமல் போகலாம் என்பதால், இரண்டையும் வாசல்வரை கொண்டுவந்து பார்ப்பதும் நல்லது.

அடுத்ததாக, நெசவை அறியாமல் வடிவத்தை மட்டும் பார்த்து வாங்கும் தவறு. காஞ்சிபுரம் பட்டின் கோர்வை நெசவில் உடலுக்கும் இரு கரைகளுக்குமாக ஊடை நூலைச் சுமந்து செல்லும் நாடாக்கள் மூன்று ஓடுகின்றன. உடலின் ஊடை நூலும் கரையின் ஊடை நூலும் சேருமிடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. உடலின் நிறம் கரைக்குள் புகாததால் அங்கே அரக்கு அரக்காகவும் பச்சை பச்சையாகவும் தெளிவாக நிற்கிறது. சாதாரண நெசவில் ஒரே ஊடை நூல் ஓரம்வரை ஓடுவதால் கரையின் நிறம் சற்று மங்கி உடலின் சாயலைப் பெற்றுவிடும். முந்தானையை வேறு நிறத்தில் தொடங்குவதற்காகப் பாவு நூல்களையே மாற்றி இணைக்கும் முறைக்குப் பேட்னி என்று பெயர். இத்தனை உழைப்பும் கைபேசித் திரையில் ஒரு வண்ண வேறுபாடாக மட்டுமே தெரியும் என்பதால், அதே தோற்றத்தை விசைத்தறியிலோ அச்சிலோ கொண்டுவந்து காஞ்சி ஸ்டைல் என்ற பெயரில் விற்பது எளிதாகிவிடுகிறது.

விசைத்தறிப் புடவையை விசைத்தறிப் புடவை என்றறிந்து வாங்குவதில் குறையேதும் இல்லை. கைத்தறிக்குரிய விலையைக் கொடுத்து அதை வாங்குவதுதான் வருத்தத்திற்குரியது, ஏனெனில் அந்த இழப்பு வாங்குபவரோடு நில்லாமல் நெசவாளரையும் சென்றடைகிறது. ஆர்ட் சில்க், செமி சில்க், சில்க் பிளெண்ட் போன்ற சொற்கள் விவரத்தில் இருந்தால் அது தூய பட்டு அல்ல என்று கொள்ளலாம். சாஃப்ட் சில்க் என்ற பெயரில் உண்மையான பட்டும் விற்கிறது, செயற்கை இழையும் விற்கிறது. ஐயம் இருந்தால் மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவோடு 2004 முதல் வழங்கப்படும் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கைத்தறிக்கெனத் தனியே ஹேண்ட்லூம் மார்க் முத்திரையும் உண்டு. ஜரிகையைப் பற்றியும் கேட்பது நலம்: பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழை சுற்றிப் பொன்முலாம் பூசியதா, செம்புக் கம்பியில் முலாம் பூசியதா, அல்லது உலோகப் பூச்சுக் கொண்ட செயற்கை இழையா என்பதைப் பொறுத்து விலையும் எடையும் ஆயுளும் பெரிதும் மாறுகின்றன.

பருத்திப் புடவைகளிலும் இந்த மயக்கம் உண்டு. போச்சம்பள்ளி இக்கத்தில் நூலுக்கே முதலில் சாயம் ஏற்றி, பிறகு நெய்வதால் துணியின் இரு பக்கங்களும் ஏறத்தாழ ஒரே செறிவில் இருக்கும். அதைப் பார்த்து அச்சிட்ட துணியில் பின்பக்கம் பெரும்பாலும் வெளுத்துத் தெரியும். மதுரைச் சுங்குடியில் கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகள் சற்றே ஒழுங்கற்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக அமையும். அச்சுப் புள்ளிகளோ ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். துணியின் பின்பக்கத்தை அருகில் வைத்து எடுத்த ஒரு படத்தைக் கேட்டால் இந்த ஐயங்களில் பாதி தீர்ந்துவிடும்.

இனி ரவிக்கைக்கு வருவோம். மனவருத்தம் அதிகம் விளைவது இங்கேதான், அதுவும் பணம் செலவழித்து முடித்த பிறகு. புடவையோடு சேர்த்து நெய்யப்படும் ரவிக்கைத் துணி பொதுவாக 80 செ.மீ. அளவில்தான் இருக்கும், அதில் கரையும் ஓரத்தில்தான் ஓடும். முழங்கைவரை நீண்ட கை, கையின் நுனியில் கரை, முதுகுக் கழுத்தைச் சுற்றிலும் கரை, இடுப்பிலும் கரை என்று படத்தில் காணும் அமைப்புக்கு அந்தத் துணி போதாது. அந்தப் படத்திலுள்ள ரவிக்கை தனித்துணியில் தைக்கப்பட்டதாக இருக்கலாம், அல்லது கரை வேறிடத்திலிருந்து வாங்கி ஒட்டுப்போடப்பட்டதாக இருக்கலாம். கரையின் அகலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்: பத்து அங்குலக் கரை கொண்ட துணியில் சிறிய கை வைத்தால் கை முழுவதும் கரையாகவே முடிந்துவிடும்.

முதுகுப் பக்கம் ஆழமாக இறங்கும் கழுத்து, தோள்பக்கம் அகன்று போகும் முன்கழுத்து ஆகிய இரண்டையும் ஒரே ரவிக்கையில் கேட்பது மிகப் பரவலான தவறு. தோளில் துணியைப் பிடித்து நிறுத்துவதற்கு இடமே இல்லாமல் போவதால், கையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அது நழுவும். ஒன்றை ஆழமாக்கினால் மற்றதைச் சிறிதாக்க வேண்டும், இல்லையேல் முதுகில் கயிறு கட்டித் தோளை இழுத்து நிறுத்த வேண்டும். படத்தில் அது நழுவாமல் நிற்பதற்கு, கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் குத்தியிருக்கும் ஊசிகளும் காரணமாக இருக்கலாம். அசையாமல் நின்று எடுத்த படத்தை நம்பி, நலங்கிலிருந்து ஊஞ்சல்வரை அசைந்துகொண்டே இருக்க வேண்டிய மணப்பெண்ணின் உடையைத் தீர்மானிக்கக் கூடாது.

ஆரி வேலைப்பாட்டில் வரிசை தவறினால் சரிசெய்வது கடினம். முதலில் தையற்காரர் அளவெடுத்துத் துணியில் வடிவத்தைக் குறித்துத் தர வேண்டும். அதன் பிறகே துணி சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு வேலைப்பாடு நடக்க வேண்டும். வெட்டும் தையலும் கடைசியில்தான். அளவு குறிக்காத துணியில் படத்தைப் பார்த்து வேலை செய்து வாங்கிவிட்டுப் பிறகு தைக்கக் கொடுத்தால், கழுத்து வளைவும் பூ வேலையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். தையல் ஓடும் கோட்டில் மணிகளோ கற்களோ இருந்தால் எந்திரத்தின் ஊசி முறியும் என்பதால் அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்ல வேண்டும். வேலைப்பாட்டின் கனத்தைத் தாங்கும் லைனிங் இல்லாத மெல்லிய பட்டு, சில முறை உடுத்துவதற்குள் இழுபட்டுப் போகும். பருத்தி லைனிங்காக இருந்தால் அதை முன்னதாகவே நீரில் நனைத்து உலர்த்தித் தைக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் முதல் சலவையில் அது சுருங்கி மேல்துணியைச் சுருக்கமிட வைக்கும்.

படங்களைப் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்று, முந்தானை மறைக்கும் இடம். நம் வழக்கப்படி புடவையை உடுத்தும்போது இடது தோளும் முன்பக்கத்தின் பெரும்பகுதியும் முதுகின் ஒரு பாகமும் மறைந்துவிடுகின்றன. இணையத்தில் வரும் ரவிக்கைப் படங்களோ வேலைப்பாட்டைக் காட்டுவதற்கென்றே முந்தானையை ஒதுக்கி எடுக்கப்பட்டவை. கண்ணில் படப்போவது வலது கை, இடது கையின் கீழ்ப்பகுதி, முதுகின் வலப்புறம் ஆகியவையே. செலவும் அங்கேதான் குவிய வேண்டும். இடது தோளில் வைக்கும் கற்களும் சர்தோசி எனும் உலோக இழை வேலையும் யார் கண்ணிலும் படாததோடு, மேலே கிடக்கும் முந்தானையின் ஜரிகை இழைகளையும் கொக்கிபோல் பிடித்து இழுக்கும். என் பார்வையில், தோளிலும் அக்குள் பக்கத்திலும் வேலைப்பாட்டை முற்றிலும் தவிர்ப்பதே நல்லது.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்கியுள்ளன. யாரும் தைக்காத, யாரும் உடுத்தாத ரவிக்கைகள் உண்மையான நிழற்படங்களோடு கலந்து வருகின்றன. பின்டரெஸ்ட் 2025-ஆம் ஆண்டில் இத்தகைய படங்களுக்கு அடையாளக் குறிப்பு இடத் தொடங்கியது, ஆயினும் குறிப்பில்லாமல் தப்பி வருபவையும் உண்டு. மார்பு வளைவின் மேல் ஒரு டார்ட்டோ (வளைவுக்காகத் துணியைக் கூராக மடித்துப் போடும் தையல்) பிரின்சஸ் கட் எனும் நீள்வளைவுத் தையலோ இல்லாமல் துணி வழவழப்பாகப் படிந்திருந்தால் ஐயப்பட வேண்டும், ஏனெனில் இழுபடாத நெய்த துணியில் அது நடவாது. கைக்குழியின் தையல் எங்கும் தெரியாமல் இருப்பது, கரையின் கோடு நடுவழியில் கரைந்து போவது, இடப்புற மயிலும் வலப்புற மயிலும் வெவ்வேறாக இருப்பது, மூடுவதற்குக் கொக்கியோ கயிறோ எங்குமே இல்லாதது ஆகியவையும் அடையாளங்கள்தான். அத்தகைய படத்தைக் கொடுத்து, அதேபோல் வரவில்லை என்று தையற்காரரைக் குறைசொல்வது பெரும் அநியாயம். ஒரு வடிவம் பிடித்திருந்தால், அதைத் தைத்து முடித்து ஒருவர் உடுத்தி நடந்து காட்டும் காணொளி கிடைக்கிறதா என்று தேட வேண்டும்.

காலமும் இடமும் பொருந்தாத போக்குகளைப் பின்பற்றுவது இன்னொரு வகைத் தவறு. முழுக்கை வெல்வெட் ரவிக்கை வட இந்தியாவின் குளிர்காலத் திருமணங்களுக்குப் பொருத்தமானது. வைகாசி மாதத்துச் சென்னையில் அது வேதனையாகிவிடும். 2017 டிசம்பரில் நடிகை அனுஷ்கா சர்மா தம் திருமணத்தில் வெளிர் இளஞ்சிவப்பு லெஹங்கா அணிந்ததற்குப் பிறகு வெளிர் நிறங்களின் மேல் எழுந்த மோகம் நம் பட்டுப் புடவைகளுக்கும் வந்து சேர்ந்தது. அந்த நிறங்கள் அழகானவைதான். ஆயினும் மஞ்சள், குங்குமம், நெய், ஓமப்புகை ஆகியவற்றின் நடுவே மணிக்கணக்கில் உட்கார வேண்டிய முகூர்த்தத்திற்கு அரக்கும் அடர்சிவப்பும் மாம்பழ மஞ்சளும் வழிவழியாக வந்ததில் பொருள் இருக்கிறது. வெளிர் நிறத்தின் மேல் ஆசை கொண்டவர்கள் அதை வரவேற்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் நடைமுறையைப் பொறுத்தவரை, 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி திரும்பப் பெறுதல், பணம் திருப்பித் தருதல் பற்றிய விவரங்களை விற்பனையாளர் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். அவை இல்லாத பக்கத்தில் முன்பணம் செலுத்துவதைத் தவிர்க்கலாம். பொட்டலத்தைப் பிரிக்கும்போது இடைவெட்டில்லாத காணொளி எடுத்து வைப்பது, பல சிறு விற்பனையாளர்கள் அதைக் கேட்பதால், பயன் தரும். தீராத குறைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கடைசியாக, உடுத்திப் பார்க்க நாள் ஒதுக்காத தவறு. முகூர்த்த மாதங்களில் ஆரி வேலை செய்பவர்களிடமும் தையற்காரர்களிடமும் வேலை குவிந்திருக்கும் என்பதால், ரவிக்கை திருமணத்திற்கு முந்தைய நாள் மாலைதான் கைக்கு வரும் என்ற நிலைமை பல வீடுகளில் ஏற்படுகிறது. குறைந்தது இரு வாரங்களுக்கு முன்பாவது அது கையில் இருக்குமாறு திட்டமிட வேண்டும். அன்று அணியப்போகும் உள்ளாடையோடும் அதே புடவையோடும் உடுத்தி, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, மணையில் அமர்வதுபோல் தரையில் சம்மணமிட்டு, குனிந்து எழுந்து பார்க்க வேண்டும். இரு பக்கத் தையல்களுக்குள்ளும் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கும்படி தொடக்கத்திலேயே சொல்லி, வேலைப்பாடும் அந்த இடத்திற்குச் சற்று முன்பே நின்றிருந்தால், அன்று தெரியவரும் இறுக்கத்தைத் தையற்காரர் அரை மணி நேரத்தில் பிரித்து விட்டுத் தருவார்.