மாரிக்கு முன் சங்கத் தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்தால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில், பள்ளிவாசல் என்று எல்லா இடத்திலும் வெள்ளம் பற்றி ஒரு கூட்டம் நடக்கும். கூட்டக் குறிப்பின் கடைசி வரி அனேகமாக ஒன்றுதான்: ‘தலைவர் உரிய நடவடிக்கை எடுப்பார்.’ திட்டம் உடைவது அந்த வரியில்தான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு ஊர். தலைவருக்கு வேலை வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். பின்னேரம் வீதியைத் தண்ணீர் மூடிவிட்டால் அவர் அந்தக் கரையில், சனம் இந்தக் கரையில். மின்சாரம் நின்று சில மணித்தியாலத்தில் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துவிடும். பாடசாலையைத் திறக்கலாமா என்று கேட்கக்கூட ஆளில்லை. ஆகவே ஒரு தாளில் பொறுப்பாளர்களாக வரிசையாக மூன்று பெயர் எழுதுங்கள். இரண்டாமவரும் மூன்றாமவரும் ஊரிலேயே இரவு தங்குபவர்களாக இருக்கட்டும். பாடசாலையைத் திறப்பது, தோணி எடுப்பது, சாமான் வாங்குவது ஆகிய மூன்றையும் யாரிடமும் கேட்காமல் அவர்கள் செய்யலாம் என்று பொதுக்கூட்டத் தீர்மானமாகவே பதியுங்கள். பாடசாலைத் திறப்பு (சாவி) யாரிடம் இருக்கும் என்பதை அதிபருடன் பேசி அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

காசும் இதே மாதிரித்தான் மாட்டிக்கொள்ளும். சங்கக் கணக்கில் பணம் இருக்கும். ஒப்பமிட வேண்டிய பொருளாளர் கொழும்பில் இருப்பார். ஊர்க் கடையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இத்தனை ரூபா வரை கடனுக்குத் தரலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்தால் அந்த இரவு அரிசிக்கு வங்கி தேவைப்படாது.

அடுத்த தவறு, ‘தண்ணி வந்தால் பார்ப்போம்’ என்பது. வந்த பிறகு பார்க்க நேரமிருக்காது. ஊரில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே பெய்த மழையால் குளம் நிரம்பி, மிதமிஞ்சிய தண்ணீரை வெளியேற்றும் வான் கதவு திறந்து, வயல்வெளியால் வெள்ளம் வந்து சேரும். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் கீழே இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கடலோரத்தில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் அடைபட்டுக் கிடந்தால் வாவித் தண்ணீர் வடிய வழியில்லாமல் மெல்ல மெல்ல ஏறும். எனவே வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் குறியை வைத்து முடிவெடுங்கள். ஊர் மதகில் ஒரு கம்பை நட்டு, வீதி மட்டத்துக்கு ஒரு அடி கீழே மஞ்சள் கோடும், தண்ணீர் வீதியைத் தொடும் இடத்தில் சிவப்புக் கோடும் போடுங்கள். மஞ்சளில், அல்லது வான் கதவு திறக்கும் அறிவித்தல் கிடைத்தால், நோயாளர், முதியோர், கைக்குழந்தைக்காரர் புறப்பட வேண்டும். சிவப்பில் எல்லோரும் வெளியேறியிருக்க வேண்டும், வீதிக்கும் தடை. அறிவித்தலை உறுதிப்படுத்த இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

சிவப்புக் கோட்டுக்குப் பிறகு வாகனத்தை விடுவதுதான் உயிரை எடுக்கும் தவறு. உழவு இயந்திரம் உயரமானது, எந்தத் தண்ணீரையும் தாண்டும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு, மாவடிப்பள்ளியில் வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மதரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். இயந்திரம் பாரமானாலும் பின்னாலுள்ள பெட்டி இலேசு. பக்கவாட்டு ஓட்டம் அதன் பலகையில் அறைந்து முழு வண்டியையும் திருப்பிவிடும். வீதியின் ஓரமும் கலங்கல் தண்ணீரில் தெரியாது. ஓடும் வெள்ளம் அரை அடி இருந்தாலே வளர்ந்த ஆளின் கால் தடுக்கும். இரண்டு அடியில் பெரும்பாலான வாகனங்கள் மிதந்து நகரும். மறித்துக் கட்டக் கயிறும், கயிற்றடியில் நிற்க இரண்டு பேரும் தாளில் பெயரோடு இருக்க வேண்டும். ‘ஒருதரம் மட்டும் விடுங்க’ என்று கேட்பவர் தெரிந்தவராகத்தான் இருப்பார். அவரையும் விடக்கூடாது.

எல்லா ஆபத்துக்கும் ஒரே இடத்தைக் குறிப்பதும் பிழை. வெள்ளத்துக்கு மேட்டு நிலம் போதும். 1978 நவம்பர் 23 மாதிரிச் சூறாவளி அடித்தால் சீற் போட்ட மண்டபத்தின் கூரை பறக்கும். கொங்கிறீற் தட்டுள்ள கட்டடம் வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் கல்லடி, ஆரையம்பதி போன்ற ஊர்களுக்கு, 2004 சுனாமி போல் ஒன்று வந்தால் பாலத்தில் நெரிபடுவதைவிட உறுதியான மாடிக் கட்டடத்துக்கு ஏறுவது கிட்ட இருக்கலாம். அந்தக் கட்டடம் எது என்று இப்போதே தீர்மானியுங்கள்.

இடம் போதுமா என்று கணக்குப் பார்ப்பவர்களும் குறைவு. ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் என்பது உலக நிவாரண அளவு. இருபதடிக்கு இருபதடி வகுப்பறையில் அப்படிப் பத்துப் பேர்தான் படுக்கலாம். நாற்பது பேரை அடைப்பதுதான் வழக்கம். 300 பேருக்கு ஆளுக்கு 15 லீற்றர் வீதம் நாளொன்றுக்கு 4,500 லீற்றர் தண்ணீர் வேண்டும். முதல் நாட்களில் 50 பேருக்கு ஒரு மலசலகூடமாவது தேவை என்றால் ஆறு. அரிசி ஆளுக்கு 400 கிராம் போட்டால் 120 கிலோ. கணக்குக் கட்டவில்லையா, மேட்டிலுள்ள உறவினர் வீடுகளுக்கு எந்தக் குடும்பம் போகும் என்று இப்போதே பிரித்து எழுதுங்கள்.

நோயாளர் பட்டியல் கட்டாயம் வேண்டும். இன்சுலின் போடுபவர், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், மாதம் நிறைந்த கர்ப்பிணி: குடும்பநல உத்தியோகத்தரோடு சேர்ந்து மாதம் ஒருமுறை பட்டியலைப் புதுப்பியுங்கள். மஞ்சள் கோட்டில் முதல் வண்டி இவர்களுக்கு.

தாளைக் காரியாலயக் கோப்பில் பூட்டி வைக்க வேண்டாம். ஒரே பக்கத்தில் எழுதி, பொலித்தீன் உறை போட்டு, மூன்று பொறுப்பாளர் வீட்டிலும் கடையிலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் தொங்கவிடுங்கள். பிறகு ஒரு மாலை தலைவரின் தொலைபேசியை நிறுத்திவிட்டு, இருட்டின பின் இரண்டாமவரை ஒத்திகை நடத்தச் சொல்லுங்கள். கடைசி வீட்டுக்குச் செய்தி போக எத்தனை நிமிடம், திறப்பு கைக்கு வர எத்தனை நிமிடம், தோணி இயந்திரம் இயங்கியதா, பெற்றோல் இருந்ததா என்று குறித்து, அன்றிரவே தாளைத் திருத்தித் திகதி போடுங்கள். பழைய பிரதிகளை வீடு வீடாகத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.