‘ஆட்டிசம் பிள்ளைங்க அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்

பன்னிரண்டு வயதுப் பையன். ஆட்டிசம் (மூளை வளர்ச்சி வேறு மாதிரி அமைவதால் பேச்சும் பழக்கமும் புலன்களும் மாறுபடும் நிலை) உள்ளவன். பேச்சு கிடையாது. ஒருநாள் திடீரென்று தன் இடது கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். “ஆட்டிசம் பிள்ளைங்க அப்படித்தாம்மா” என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்துப் பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தால், கடைவாய்ப் பல்லடியில் சீழ். அந்த மூன்று வாரமும் அவன் “வலிக்குது” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

முதல் தவறு இதுதான், என் கணக்கில் பெரிய தவறும் இதுதான். புதிதாக எது வந்தாலும் ஆட்டிசத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். வலி, பசி, மூத்திரம் வருவது போன்ற உடலின் சைகைகள் இவர்களில் பலருக்கு வேறு மாதிரி தெரியும், சிலருக்குத் தெரியாமலே போகும். எனவே பல், காது, மலச்சிக்கல், வலிப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால் மனக்காயத்தைத் தேடுங்கள். விபத்தும் அடி உதையும் மட்டுமே மனக்காயம் என்று நினைப்பது அடுத்த தவறு. மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்தும் குழந்தையின் கையை இழுத்துவிடுவது, கதறக் கதற அமுக்கி உட்காரவைத்துப் ‘பயிற்சி’ கொடுப்பது, வகுப்பில் தினமும் நடக்கும் கேலி எல்லாமே காயம்தான். பேசிய வார்த்தைகள் நின்றுபோகும். நின்றிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வரும். ஒரு குறிப்பிட்ட தெருவுக்குள் நுழையவே மறுப்பார்கள். எப்போது தொடங்கியது, எங்கே, யாரோடு இருக்கும்போது என்று விசாரியுங்கள்.

“பார்த்தா ஆட்டிசம்னு தெரியவே இல்லையே!” என்று பாராட்டுவதையும் நிறுத்த வேண்டும். நாள் முழுக்கத் தன்னை மறைத்து நடிப்பவர் வீட்டுக்கு வந்ததும் துவண்டு விழுவதை நாம் பார்ப்பதில்லை.

ஓயாத பதற்றம் தூக்கத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தையும் குடலையும் பாதிக்கும். அமெரிக்காவில் சுமார் 9,500 பேரிடம் நடத்தி 1998-இல் வெளியான ஆய்வு, சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூடப் பின்னாளில் இதய நோயும் மனச்சோர்வும் கூடுவதைக் காட்டியது. 2016-இல் வந்த ஸ்வீடன் ஆய்வில், இறந்தவர்களின் சராசரி வயது ஆட்டிசம் உள்ளவர்களிடையே சுமார் 54, மற்றவர்களிடையே 70. அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்களிடம் தற்கொலை பெரிய காரணமாக இருந்தது. இந்த எண்களைப் படித்தபின் ‘அப்படித்தான்’ என்ற சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்று: மனக்காயத்தால் ஆட்டிசம் வருவதில்லை. தாயின் பாசக்குறைவே காரணம் என்ற பழைய கொள்கை எப்போதோ பொய்யாகிவிட்டது. “நீ வேலைக்குப் போனதாலதான்” என்று அந்த அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். தூக்கம், சாப்பாடு, மலம் கழித்தது, புதிதாகத் தொடங்கிய பழக்கம், அது தொடங்கிய தேதி. பேசாத பிள்ளைக்கு அந்த நோட்டுதான் வாய்.