கூட்டம் பிரிவது வேறு, கூட்டம் ஓடுவது வேறு: கடலோரத் தேனீ வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோர ஊர்களில், தென்னந்தோப்புக்குள் நாலைந்து பெட்டிகளில் அடுக்குத் தேனீ வளர்ப்பவர்கள், ஈக்கள் குறைந்துவிட்டாலும் பெட்டியே காலியானாலும் “ஈ பறந்துவிட்டது” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பூ மிகுந்து, ஈக்கள் பெருகி, இடம் போதாமல் பழைய ராணி ஒரு பகுதி ஈக்களோடு வெளியேறுவது கூட்டம் பிரிதல். உணவின்றியோ, எறும்பு, மெழுகுப் பூச்சி ஆகியவற்றின் தொல்லையாலோ எல்லா ஈக்களும் அடையைக் கைவிட்டுப் போவது கூட்டம் ஓடுதல். முன்னதற்குச் செழிப்பும் பின்னதற்குப் பஞ்சமும் காரணமாக இருக்க, இரண்டுக்கும் ஒரே மருந்தாகச் சர்க்கரைப் பாகு வைப்பதே முதல் தவறு. பிரிய முனையும் கூட்டத்துக்குப் பாகு வைத்தால், அது இன்னும் விரைவாகப் பிரியும்.

மிகுந்த இழப்பைத் தருவது, கூட்டம் பிரிவதைத் தடுக்க எண்ணி, புது ராணி வளரும் ராணி அறைகளைக் காலந்தாழ்ந்து வெட்டுவதாகும். அடையின் அடி விளிம்பில் கூம்பு போலத் தொங்கும் இந்த அறை, முட்டையிட்ட ஏறக்குறைய எட்டாம் நாளில் மூடப்படும். பழைய ராணி பெரும்பாலும் அதையொட்டியே கிளம்பிவிடும். ஆகவே பெருக்கக் காலத்தில் வாரம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து பார்ப்பதும், முன்கூட்டியே அடை கட்டுவதற்கான புது மரச்சட்டங்கள் கொடுத்து இடம் உண்டாக்குவதும் தேவை. மூடிய அறைகள் தொங்கி, புது முட்டை எதுவும் கண்ணில் படாவிட்டால், ராணி போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். அப்போது பதறி எல்லா அறைகளையும் வெட்டினால் கூட்டத்துக்கு ராணியே இல்லாமற்போகும். நாளடைவில் வேலைக்கார ஈக்கள் முட்டையிடத் தொடங்கும், அவற்றிலிருந்து ஆண் ஈக்கள் மட்டுமே பிறக்கும். நல்ல அறை ஒன்றை விட்டுவைப்பதே அறிவுடைமை.

கிளையில் கொத்தாகத் தொங்கும் கூட்டத்தைத் தீப்பந்தத்தால் விரட்டுவது வீண் கொலை. வயிறு நிறையத் தேன் குடித்துக் கிளம்பிய ஈக்களுக்குக் காக்க அடையோ புழுவோ இல்லாததால், அவை எளிதில் கொட்டுவதில்லை. மாலையில் பிடித்து, வேறு பெட்டியிலிருந்து புழு உள்ள அடை ஒன்றைச் சேர்த்துக் குடிவைத்தால் பெரும்பாலும் தங்கிவிடும். (திறந்தவெளியில் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீயிடம் இதை முயன்று பார்க்கக் கூடாது.)

தென்னையை முழுக்க நம்புவதும் தவறே. காய்க்கும் தென்னை மாதத்துக்கு ஒரு பாளை வீதம் விரிப்பதால் பஞ்சமே வராது என்று தோன்றும். ஆனால் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும்போது, பூ இருந்தும் ஈக்களால் வெளியே பறக்க முடிவதில்லை. தை, மாசியில் பெட்டிகளை உள்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்த் தேன் எடுப்பவர்கள், பெட்டியில் புழுக்கள் வளரும் கீழ்த்தட்டான புழு அறையில் உள்ள தேனையும் பிழிந்துவிட்டுத் திரும்பினால், அந்த மழைக்காலத்தில் கூட்டம் ஓடுவதில் வியப்பில்லை. ரப்பரின் இனிப்பு இலைக்காம்பில் ஊறுவது. அதில் மகரந்தம் கிடையாது என்பதால், புழுக்களை வளர்க்கத் தென்னை போன்ற பிற பூக்களும் வேண்டும். மழைக்காலத்துக்குச் சமஅளவு சர்க்கரையும் நீரும் கலந்த பாகைப் பொழுது சாய்ந்தபின் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். வெளியே சிந்தினால் எறும்பும் பக்கத்துப் பெட்டி ஈக்களும் கொள்ளையிட வரும்.

பெட்டியை இடம் மாற்றுவதானால் இரவில் வாசலை அடைத்து மாற்ற வேண்டும். தோப்புக்குள்ளேயே முப்பது அடி தள்ளி வைப்பது பத்து மைல் கொண்டுபோவதைவிடக் கேடானது. மேயப் போன ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, பெட்டியைக் காணாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.