கடலோரப் பாதுகாப்புக் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதன்முறை செல்வோருக்கு

கடலோரக் கோட்டைக்குச் செல்பவர்களில் பலர், மதில்மேல் ஏறிக் கடலைப் படமெடுத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள வளைவு, சரிவு, சந்து என அனைத்தும் பீரங்கியை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டவை என்பதால், பீரங்கியின் பார்வையைப் பின்தொடர்ந்து நடப்பதே கோட்டையைப் புரிந்துகொள்ள நல்ல வழி.

முதலில், கடல் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்றஇறக்கம்) ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில கோட்டைகளுக்குச் செல்லும் பாதையே ஓதத்தில் மூழ்கிவிடும். வழுக்காத காலணியும் சிறிய டார்ச் விளக்கும் போதும்.

இரண்டாவதாக, வாயிலுக்குள் நுழையாமல் வெளியே ஒரு சுற்று வாருங்கள். மூலைகளில் அம்புமுனை போல முன்துருத்தி நிற்பவை கொத்தளங்கள். ஒரு கொத்தளத்தின் பக்கச் சுவரருகே நின்று பார்த்தால், மதிலின் அடிப்பகுதி முழுவதும் கண்ணில் படும். அடியில் ஒண்டிக்கொள்ளும் பகைவனையும் பக்கவாட்டிலிருந்து சுடுவதற்காகவே இந்த வடிவம்.

மூன்றாவதாக, மதில்மேல் ஏறுங்கள். இங்கே அவசரம் வேண்டாம். பீரங்கி வாய் நீட்டும் திறப்புகள் பெரும்பாலும் உட்புறம் குறுகி வெளிப்புறம் விரிந்திருக்கும்; குனிந்து அதன்வழியே பார்த்தால் கப்பல் செல்லும் எந்தக் கால்வாயை, எந்தத் துறைமுக முகப்பை அந்தப் பீரங்கி காவல் காத்தது என்பது விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோட்டையானால் தரையையும் கவனியுங்கள். வில்லாக வளைந்த இரும்புத் தண்டவாளமோ அது பதிந்திருந்த பள்ளமோ தென்படலாம். நகரும் கப்பலைக் குறிபார்க்க, பீரங்கி வண்டியின் பின்சக்கரங்கள் அதன்மேல் இடமும் வலமுமாக உருண்டன. பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை; படமெடுத்தபடி பின்னோக்கி நடக்கவே கூடாது.

நான்காவதாக, வெடிமருந்துக் கிடங்கைத் தேடுங்கள். தடித்த சுவரும் வளைந்த கூரையும் அதைக் காட்டிக்கொடுக்கும். பிற்காலக் கிடங்குகளின் சுவரில் சிறிய மாடம் இருந்தால் அருகில் சென்று பாருங்கள். விளக்கை உள்ளே கொண்டுவராமல், கண்ணாடிக்குப் பின்னால் தனிச் சந்தில் ஏற்றிவைத்த இடம் அது. ஒரு தீப்பொறிகூட எழாதிருக்க, இரும்பு ஆணிக்குப் பதில் செம்பு ஆணி அடித்தார்கள்.

கடைசியாக, காயங்களைத் தேடுங்கள். நான் மிகவும் விரும்பும் பகுதி இதுதான். அமெரிக்காவின் செயின்ட் அகஸ்டின் நகரில், 1672-இல் கட்டத் தொடங்கிய சான் மார்கோஸ் கோட்டையின் சுவர், கிளிஞ்சல்கள் இறுகி உருவான மென்கல்லால் ஆனது. 1702 முற்றுகையில் பீரங்கிக் குண்டுகள் அதை உடைக்க முடியாமல் உள்ளே புதைந்தன. அதே நாட்டின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள புலாஸ்கி கோட்டைக்கோ ஏழரை அடி தடிப்புள்ள செங்கல் மதில். 1862 ஏப்ரலில், ஒரு மைலுக்கு அப்பாலிருந்து சுட்ட, குழலின் உட்புறம் சுழல்வரி வெட்டிய புதுவகைப் பீரங்கிகள் சுமார் 30 மணி நேரத்தில் அதைத் துளைத்தன. ஓட்டை வழியே பாய்ந்த குண்டுகள் எதிர்மூலையிலிருந்த வெடிமருந்துக் கிடங்கை நெருங்கியதும் கோட்டை சரணடைந்தது. உடைந்த பகுதியைப் பின்னர் அடைத்த செங்கல் வேறு நிறத்தில் இருப்பதால், எங்கே துளை விழுந்தது என்பதை வெளியில் நின்றே காணலாம்.